புல்லு வெட்ட ஆள் விடலாமா, மெஷின் வாங்கலாமா, கையாலயே தள்ளலாமா?

வீட்டுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம்னு சேர்த்து 200 சதுர மீட்டர் புல்லு இருக்கு எங்களுக்கு. பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா வளர ஆரம்பிச்சா ஒரே வாரத்துல வீட்டோட முகமே மாறிடும். கடந்த 8 வருஷத்துல இதை வெட்ட இருக்குற எல்லா வழியும் பார்த்தாச்சு. 2 வருஷம் ஆள் விட்டு வெட்டுனோம், அப்புறம் பெட்ரோல் மெஷின், அப்புறம் பேட்டரி, நடுவுல மச்சான் வீட்டு ரோபோவை ஒரு மாசம் இரவல் வாங்கி ஓட்டுனது, ஒரு தடவை ஒண்ணுமே பண்ணாம வளரட்டும்னு விட்டது, இப்போ கடைசியா இன்ஜினும் இல்லாம பேட்டரியும் இல்லாம கையால தள்ளுற உருளை மெஷின். புதுசா வீடு வாங்குன ஃப்ரெண்டு யாராவது "எதுப்பா நல்லது"னு கேட்டா நான் பேச ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆகிடுது, எதிர்ல இருக்கிறவன் முகம் போற போக்கைப் பார்த்தா பாவமா இருக்கும், அதான் எழுதியே வச்சிடலாம்னு.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். இந்த மாதிரி ஒப்பிட்டு எழுதுறவங்க எல்லாம் மெஷினுக்கும் மெஷினுக்கும்தான் ஒப்பிடுறாங்க, எது வேகம், எது லேசு, எது நேரத்தை மிச்சம் பண்ணும்னு. வெட்டுற அந்த அரை மணி நேரத்துல நமக்கு என்ன கிடைக்குதுன்னு யாரும் கணக்குல சேர்க்கிறதே இல்ல, அதை சுத்தமா வீணாப்போன நேரமாத்தான் எழுதுறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், அதனாலதான் முதல் 2 வருஷம் ஆள் விட்டேன். என் வீட்டுக்காரி அப்பவும் அதுக்குத்தான் ஓட்டு போட்டா, "லீவு நாள்ல நீங்க மெஷினோட மல்லுக்கட்டி நிக்கிறதுக்கு, ஆளைக் கூப்பிட்டுட்டு நிம்மதியா படுத்துத் தூங்கலாம்"னு.

ஆள் விடுறதுல நல்லது இல்லன்னு சொல்ல மாட்டேன். மெஷினை வைக்க இடம் தேவையில்ல, பிளேடுக்கு சாணை பிடிக்கிற வேலை இல்ல, ஊருக்குப் போனாலும் கவலை இல்ல. அவர் வருவார், 20 நிமிஷம் சத்தம், அப்புறம் வெட்டுன புல்லை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிடுவார். பிரச்சனை என்னன்னா அவர் வர்றது அவரோட முறை நாள்ல, புல்லோட வளர்ச்சிக்கு ஏத்த மாதிரி இல்ல. புல்லு விறுவிறுன்னு வளர்ற காலத்துல வாரம் ஒரு தடவை வேணும், காய்ஞ்ச காலத்துல மாசம் ஒரு தடவை கூட வேண்டாம், ஆனா அவருக்கு எல்லாக் காலமும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். அதுவும் வந்தா ஒட்ட வெட்டிடுவார். ஒரு தடவை கேட்டேன், "அண்ணே, கொஞ்சம் உயரமா விட்டு வெட்டலாமே"ன்னு. அவர் சிரிச்சுக்கிட்டே "ஒட்ட வெட்டுனாத்தான் சார் வெட்டுன மாதிரி தெரியும், கொஞ்சமா வெட்டுனா வீட்டம்மா வந்து வெட்டவே இல்லையேன்னு கேப்பாங்க"ன்னார். அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு, ஏன்னா நாலு வீட்டுல அப்படித்தான் கேட்டிருப்பாங்க.

ஆனா புல்லுக்கு அது நல்லதில்ல. புல்லு நுனியில வளர்றதில்ல, அடியில, மண்ணை ஒட்டி இருக்குற முளைப்பகுதியிலேர்ந்து மேல தள்ளிக்கிட்டு வளரும், அதனாலதான் எத்தனை தடவை வெட்டுனாலும் மாடு மேய்ஞ்சாலும் சாகாம திரும்ப வருது. ஆனா அதுக்கு சாப்பாடு தயாரிக்கிறது அந்த பச்சை இலைதானே, இலையில பாதிக்கு மேல ஒரே தடவையில எடுத்துட்டா வேர் வளர்றது நின்னுடும், இருக்குற சேமிப்பை எல்லாம் போட்டு திரும்ப இலை விடத்தான் பார்க்கும். அதனாலதான் புல்வெளி வச்சிருக்கிறவங்க எல்லாரும் சொல்ற கணக்கு, ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதேன்னு. 9 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தா 6 ல நிறுத்து, அவ்வளவுதான். அவர் 9 லேர்ந்து நேரா 3 க்கு இறக்கிடுவார். மறுநாள் பார்த்தா வெளிர் மஞ்சளா அடித்தண்டு தெரியும், மொட்டை அடிச்ச தலை மாதிரி, மண்ணுல வெயில் படும், அந்த இடைவெளியில களைச்செடி ஜம்முன்னு முளைக்கும். இன்னொண்ணு, அதே மெஷின் பத்து வீட்டுக்குப் போயிட்டு வருது, அடியில ஒட்டியிருக்குற ஈரப் புல்லோட அடுத்த வீட்டுக் களை விதையும் சேர்ந்து இங்க வந்து இறங்கும்.

இதெல்லாம் கூட பேசி சரி பண்ணிக்கலாம். என்னை உறுத்துனது வேற. அவர் ஒரு மாசம் வராம போனப்ப வேற வழியில்லாம பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி நானே தள்ளுனேன், பின்பக்கம் மதில் ஓரமா போகும்போது சக்கரம் திடீர்னு 2 இன்ச் உள்ள இறங்குச்சு. குனிஞ்சு பார்த்தா அந்த இடத்துல மட்டும் புல்லு கரும்பச்சையா, காலை வச்சா ஸ்பாஞ்சு மாதிரி. தோண்டிப் பார்த்தா தோட்டத்துக் குழாய்க்குப் போற பைப் இணைப்புல தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, எத்தனை மாசமோ தெரியாது. 2 வருஷமா அந்த இடத்தை ஜன்னல் வழியா பார்த்திருக்கேன், ஒரு தடவை கூட கால் வச்சதில்ல. புல்லு வெட்டுறதுன்னா தரையில ஒரு அடி விடாம நடக்கிறது, வேற எந்த வேலையும் நம்மள அப்படி நடக்க வைக்காது. எங்க எறும்புப் புத்து கட்டுது, எந்த மரத்தோட வேர் மேல வருது, வேலியில எந்தக் கம்பு ஆடுது, மழை பெஞ்சா தண்ணி எங்க தேங்குது, இது எல்லாம் இப்ப எனக்கு மனப்பாடம். வெட்டிக் குடுத்தவருக்கு ஒருவேளை தெரிஞ்சிருக்கலாம், ஆனா அவர் ஏன் சொல்லணும்.

அன்னைக்கு இன்னொண்ணும் நடந்துச்சு. பாதி வெட்டி முடிச்சு மூச்சு வாங்க நின்னு திரும்பிப் பார்த்தேன், ஒரு பக்கம் வெட்டுனது, இன்னொரு பக்கம் வெட்டாதது, நடுவுல கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு. அட, இதை நான் பண்ணேன்னு ஒரு சந்தோஷம். என் ஆபீஸ் வேலையில இந்த விளிம்பே கிடையாது, ஒரு மெயிலுக்கு பதில் போட்டா மூணு மெயில் வரும், முடிச்ச வேலை அடுத்த வாரம் வேற பேர்ல திரும்ப வரும், எது முடிஞ்சது எது முடியலன்னு சாகுற வரைக்கும் தெரியாது. இங்க அப்படி இல்ல, எவ்வளவு முடிஞ்சதுன்னு கண்ணுக்கு முன்னாடி கிடக்கு, கடைசி வரிசை முடிச்சுட்டா முடிஞ்சுது. ரெண்டு கையும் கைப்பிடியில இருக்குறதால போனை எடுக்க முடியாது, அதுவே ஒரு லாபம். மனசு பாட்டுக்கு எங்கயோ போய்ட்டு வரும், ஒரு வாரமா பிடிபடாத ஒரு விஷயம் நாலாவது வரிசையில சட்டுன்னு பிடிபடும், சில நாள் ஒண்ணுமே தோணாது, அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

உடம்புக்கு என்ன கிடைக்குதுன்னு கணக்கு போட்டே பார்த்தேன். என் மெஷின் ஒரு தடவைக்கு 38 சென்டிமீட்டர் அகலம் வெட்டும், வரிசைக்கு வரிசை 5 சென்டிமீட்டர் மேல படுற மாதிரி போகணும், அப்ப 33. 200 சதுர மீட்டரை அதால வகுத்தா 600 மீட்டருக்குக் கொஞ்சம் மேல வருது, திரும்புறது, ஓரம் பார்க்கிறது எல்லாம் சேர்த்தா முக்கால் கிலோமீட்டர். சும்மா நடந்தா 10 நிமிஷ நடை, ஆனா இது தள்ளிக்கிட்டே நடக்கிறது. உடல் உழைப்பை அளக்க மெட்னு ஒரு அளவு இருக்கு, சும்மா உக்காந்திருந்தா 1. உழைப்பு வகைகளைத் தொகுத்து 2011ல புதுப்பிச்ச பட்டியல்ல, இன்ஜின் வச்ச மெஷினுக்குப் பின்னாடி நடந்து புல்லு வெட்டுனா 5, கையால தள்ளுற மெஷின்னா 6, மேல உக்காந்து ஓட்டுற மெஷின்னா வெறும் 2.5. அதாவது உக்காந்து ஓட்டுனா உடற்பயிற்சின்னு சொல்லிக்கிற அளவுக்கே வராது, 3ஐத் தொட்டாத்தான் மிதமான உழைப்புன்னு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உழைப்பு வேணும்னு சொல்லுது, இதுல 35 நிமிஷம் புல்லுலயே போயிடுது, ஜிம்முக்கு சேர்ந்து போகாம விட்ட என்னை மாதிரி ஆளுக்கு இது பெரிய விஷயம்.

சரி, நானே வெட்டுறேன்னு முடிவு பண்ணியாச்சு, எந்த மெஷின்னு பார்ப்போம். இதுலதான் நிறைய பேர் சறுக்குறது, ஏன்னா மேல சொன்ன சந்தோஷம் எல்லாம் எந்த மெஷினை எடுத்தாலும் ஒரே மாதிரி கிடைக்காது.

பெட்ரோல் மெஷின்தான் முதல்ல வாங்குனேன். பலம்னா பலம், முழங்கால் உயரப் புல்லு, ஈரப் புல்லு, தடிச்ச தண்டு எதையும் பார்க்காது. ஆனா சத்தம். இந்த மாதிரி மெஷின் பக்கத்துல நின்னா 90 டெசிபல் வாக்குல வரும், வேலை இடங்கள்ல 8 மணி நேரத்துக்கு 85 தான் பாதுகாப்பான எல்லைன்னு வச்சிருக்காங்க, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அரை மணி நேரத்துல காது போயிடாது, ஆனா காதுல கவசம் போடாம வருஷக்கணக்கா பண்ணக்கூடாது. கவசம் போட்டுக்கிட்டு, கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துப்போய், பெட்ரோல் வாசனையோட நடந்தா மனசு எங்க போய் உலாத்துறது, எப்படா முடியும்னுதான் இருக்கும்.

அதோட பராமரிப்பு. முதல் வருஷம் குளிர்காலம் முழுக்க டேங்க்ல பெட்ரோலை அப்படியே விட்டு வச்சிட்டேன், 4 மாசம் கழிச்சு எடுத்து கயிறை இழுத்தா ஒரு செருமல் கூட இல்ல. நாப்பது தடவை இழுத்திருப்பேன், தோள்பட்டை மூணு நாள் வலி. பெட்ரோல் கிடந்தா ஒரு மாசத்துலயே கெட ஆரம்பிக்கும், எத்தனால் கலந்ததுன்னா ஈரத்தையும் இழுக்கும், மிச்சம் பிசின் மாதிரி கார்புரேட்டர்ல இருக்குற துளியூண்டு ஓட்டையை அடைச்சுக்கும். கழட்டி கழுவி மாட்டுனேன், சரி அடியில ஒட்டியிருக்குற புல்லையும் சுரண்டிடலாம்னு மெஷினைப் பக்கவாட்டுல சாய்ச்சேன், சாய்ச்சது ஏர் ஃபில்டர் கீழ வர்ற பக்கம். இன்ஜின் ஆயில் மொத்தமும் ஃபில்டருக்குள்ள இறங்கிடுச்சு, ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை தெருவே மறைஞ்சுது, எதிர் வீட்டுக்காரர் வாசல்ல வந்து நின்னு "தம்பி, ஏதாவது எரியுதா"ன்னு கேட்டார். சாய்க்கிறதா இருந்தா ஏர் ஃபில்டர் மேல பார்த்த மாதிரி சாய்க்கணும், அதுக்கும் முன்னாடி ஸ்பார்க் பிளக் வயரை உருவி வைக்கணும், ஏன்னா பிளேடைக் கையால திருப்புனா கூட இன்ஜின் சில சமயம் பத்திக்கும், விரல் போனா போனதுதான். இதை மட்டும் யாரும் விளையாட்டா எடுத்துக்காதீங்க.

பேட்டரி மெஷின் அந்த விதத்துல தெய்வம். பட்டனை அமுக்குனா ஓடுது, விட்டா நிக்குது. என்னோடது 36 வோல்ட், 4 ஆம்பியர் அவர் பேட்டரி, அதாவது 144 வாட் அவர், அளவான புல்லுக்கு 200 சதுர மீட்டர் தாராளமா வரும், ஆனா ஈரமாவோ உயரமாவோ இருந்தா பாதியில மூச்சு விட்டுடும். பேட்டரியை முழு சார்ஜ்லயும் வைக்காம காலியாவும் வைக்காம பாதி சார்ஜ்ல, சூடு படாத இடத்துல வச்சா ரொம்ப நாள் வரும். வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க, ஒரு கம்பெனி பேட்டரி பொதுவா அவங்க மெஷினுக்கு மட்டும்தான் பொருந்தும், அதனால மெஷினை வாங்கல, ஒரு குடும்பத்தோட சம்பந்தம் பண்றீங்கன்னு நினைச்சுக்கோங்க. வயர் போட்டு ஓட்டுற கரண்ட் மெஷினும் இருக்கு, அதைப் பத்தி ஒரே வரிதான், வயரை என்னைக்காவது ஒரு நாள் அதுவே வெட்டிக்கும்.

பெட்ரோலோ பேட்டரியோ, ரெண்டுக்கும் ஒரு பொதுவான சங்கதி இருக்கு. அடியில ஒரு பட்டைக் கத்தி காத்தாடி மாதிரி நிமிஷத்துக்கு 3,000 சுத்து வாக்குல சுத்தும், புல்லை வெட்டுறதுன்னு சொல்றதை விட அடிச்சு எடுக்குதுன்னு சொல்லணும். கத்தி கூரா இருந்தா பரவாயில்ல, மழுங்கிப் போனா நுனியைக் கிழிச்சு விட்டுடும், ரெண்டு நாள்ல புல்வெளி மேல லேசா பழுப்புத்தூள் தூவுன மாதிரி தெரியும். ஒரு புல்லைப் பறிச்சு நுனியைப் பாருங்க, நேரா இருந்தா கத்தி நல்லாருக்கு, நார் நாரா பிரிஞ்சிருந்தா சாணை பிடிங்க. அப்புறம் அந்த வேகத்துல ஒரு கூழாங்கல் மாட்டுனா தோட்டா மாதிரி பறக்கும், வெட்டும்போது குழந்தைங்க பக்கத்துல இருக்கவே கூடாது.

ரோபோ கதைக்கு வருவோம். இது புதுசு இல்ல, ஸ்வீடன்ல ஹஸ்க்வர்னா கம்பெனி 1995லயே சூரிய ஒளியில ஓடுற ஒண்ணை விட்டுட்டாங்க. மச்சான் குடுத்தது எல்லைக் கம்பி போட்டு ஓடுறது, புல்லைச் சுத்தி ஓரமா கம்பியை முளை அடிச்சுப் பதிக்கணும், அதைத் தாண்டாது. உண்மையைச் சொல்லணும்னா என் புல்லு அந்த ஒரு மாசம் இருந்த அழகு அதுக்கு முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல. தினமும் சில மில்லிமீட்டர்தான் எடுக்கும், மூணுல ஒரு பங்கு கணக்கு தானா நடந்துடும், துண்டெல்லாம் பொடியா மண்ணுலயே விழுந்து மக்கிடும். பையன் அதுக்கு பேரெல்லாம் வச்சான், முதல் வாரம் வாசல்ல உக்காந்து அது எங்க முட்டுது எப்படித் திரும்புதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தோம். ரெண்டாவது வாரம் யாரும் பார்க்கல. மூணாவது வாரத்துலேர்ந்து என் வேலை என்னன்னா, அது எங்கயாவது பூந்தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நின்னா போய்த் தூக்கி விடுறது. அதாவது நான் அதுக்கு வேலை பார்த்தேன். ராத்திரி ஓட விடாதீங்க, முள்ளெலி மாதிரி ராத்திரி நடமாடுற ஜீவன் ஆபத்துன்னு தெரிஞ்சா ஓடாம சுருண்டு உக்காந்துக்கும், மெஷினுக்கு அது புரியாது. முழங்கால் முடியாதவங்க, அடிக்கடி வெளியூர் போறவங்க, கண்ணை மூடிக்கிட்டு ரோபோ வாங்கலாம். எனக்கு ஜன்னல் வழியா பார்க்கிற புல்லு திரும்ப வந்த மாதிரி ஆகிடுச்சு, குடுத்துட்டேன்.

இப்ப என் செல்லத்துக்கு வர்றேன். கையால தள்ளுற உருளை மெஷின். இதோட கதையே நல்லாருக்கும். 1830ல இங்கிலாந்துல ஸ்ட்ரவுட் பக்கம் எட்வின் பியர்ட் படிங்னு ஒரு இன்ஜினியர், அந்தப் பக்கம் கம்பளித் துணி ஆலைங்க நிறைய, துணி மேல நீட்டிக்கிட்டு இருக்குற ரோமத்தை ஒரே மட்டமா சீவி எடுக்க சுழல் கத்தி வச்ச ஒரு உருளை இருந்துச்சு. துணி மேல இருக்குற மயிரை வெட்டுனா தரை மேல இருக்குற மயிரை வெட்டாதான்னு யோசிச்சிருக்கார் மனுஷன், காப்புரிமையும் வாங்கிட்டார். அதுக்கு முன்னாடி நீளக் கைப்பிடி வச்ச பெரிய அரிவாளை வீசி வீசித்தான் புல்லு அறுக்கணும், கை பழகுன ஆளுங்க பல பேர் வேணும், அதனால மட்டமா வெட்டுன புல்வெளிங்கிறது பெரிய பணக்காரன் வீட்டு சமாச்சாரம். சாதாரண ஆள் தானே தன் வாசல்ல வெட்டிக்கலாம்ங்கிறதே இந்த மெஷின்லேர்ந்து வந்ததுதான். 200 வருஷம் நெருங்கிடுச்சு, அடிப்படை இன்னும் அதேதான்.

தள்ளுனா சக்கரம் சுத்தும், சக்கரத்தோட சேர்ந்து முறுக்குன அஞ்சு கத்தி சுத்தும், கீழ ஆடாம ஒரு கத்தி இருக்கும், புல்லு ரெண்டுக்கும் நடுவுல வந்து கத்திரிக்கோல்ல மாட்டுன மாதிரி நறுக்குன்னு போகும். கிழிக்கிறதே கிடையாது. கத்தி சரியா இருக்கான்னு பார்க்க ஒரு தாளை நீளவாக்குல கிழிச்சு உள்ள குடுத்து உருளையைக் கத்தியில கை படாம மெதுவா திருப்புங்க, தாள் சுத்தமா நறுக்குப்பட்டா சரி, மடங்குனா ரெண்டு பக்கமும் இருக்குற ஸ்க்ரூவை கால் திருகு திருகணும். சத்தம்னா ஒரு சர்ர்ருதான், பேச்சுக்குரல் கேட்கும், குருவி கூட பறக்காது, நான் நின்னா அதுவும் நின்னுடும். வாசனையும் இதுலதான் முழுசா கிடைக்கும், பெட்ரோல் புகை கலக்காம. அந்த வாசனை நமக்குத்தான் சந்தோஷம், இலை வெட்டுப்பட்ட உடனே புல்லு விடுற வாயு அது, சிஸ் 3 ஹெக்சினால்னு ஒண்ணு அதுல முக்கியம். புழு கடிச்சாலும் செடிங்க இந்த வகை வாயுவை விடும், அதை மோப்பம் பிடிச்சு அந்தப் புழுவோட எதிரிக் குளவி வந்து சேரும். ஒரு வகையில புல்லு கத்துது, நாம மூச்சை இழுத்து ஆஹான்னு நிக்கிறோம்.

பின்னாடி ஒரு சின்ன உருளை இருக்கு, அது புல்லைப் படுக்க வச்சுக்கிட்டே வரும். போகும்போது ஒரு பக்கம் சாயும், வரும்போது மறு பக்கம், நம்மளை விட்டு விலகிச் சாஞ்ச வரிசை வெளிச்சத்தை அடிச்சு வெளிர் பச்சையா தெரியும், நம்ம பக்கம் சாஞ்சது கரும்பச்சை. கிரிக்கெட் மைதானத்துல பார்க்கிற பட்டை இதுதான். முதல் தடவை நேரா வரல, பாம்பு மாதிரி போச்சு. காலைப் பார்த்து நடக்காம எதிர் வேலியில ஒரு கம்பைக் குறி வச்சுப் பார்த்துக்கிட்டே தள்ளுனா நேரா வரும்னு பையன்தான் கண்டுபிடிச்சான், "அப்பா, சைக்கிள் ஓட்டும்போது சக்கரத்தையா பார்ப்பீங்க"ன்னான்.

இதுக்கும் குறை இருக்கு, மறைக்க மாட்டேன். ஒரு விரல் தடிமன் குச்சி கிடந்தா டக்குன்னு பிரேக் போட்ட மாதிரி நின்னு கைப்பிடி வயித்துல குத்தும். மேடு பள்ளம்னா சீரா வராது. உயரமா வளர்ந்துட்டா வெட்டாது, தள்ளிப் படுக்கப் போட்டுட்டு மேல ஏறிப் போயிடும். அதனால வளர்ற காலத்துல வாரம் தவறவே கூடாது, ரெண்டு வாரம் தவறுனா மூணாவது வாரம் அழுகைதான். காலையில பனி ஈரத்துல தள்ளுனா கத்தியில அப்பிக்கும், சாயங்காலம் வெயில் இறங்குன அப்புறம்தான் சரி. வெட்டுனதை வாரிக் கொட்டாதீங்க, முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான் அது, துண்டு சின்னதா இருந்தா அப்படியே மக்கி தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பிக் குடுத்துடும், உரம் அந்த அளவுக்குக் குறையும். ஆள் விட்ட காலத்துல மூட்டை மூட்டையா குடுத்து அனுப்பிட்டு, அப்புறம் கடையில உர மூட்டை வாங்கிட்டு வந்தேன், யோசிச்சா சிரிப்பு வருது.

வெட்டாமலே விட்டா என்னன்னு கேட்கிறவங்களுக்கு. இங்கிலாந்துல பிளான்ட்லைஃப்னு ஒரு அமைப்பு 2019லேர்ந்து மே மாசம் புல்லு வெட்டாதீங்கன்னு சொல்லிட்டு வர்றாங்க, பூ பூக்கட்டும் தேனீ வரட்டும்னு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுல வீட்டுப் புல்வெளிகளை வாரம் ஒரு தடவை, ரெண்டு வாரத்துக்கு, மூணு வாரத்துக்குன்னு பிரிச்சு வெட்டிப் பார்த்தாங்க, 2018ல வந்த அந்த ஆய்வுல தேனீ எண்ணிக்கை அதிகமா இருந்தது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டுன வீடுங்கள்ல. மூணு வாரம் விட்டா இன்னும் கூடும்னுதானே நினைப்போம், கூடல. நான் ஒரு மாசம் முழுக்க விட்டுப் பார்த்தேன், மஞ்சள் பூவெல்லாம் அழகாத்தான் இருந்துச்சு, அப்புறம் என் உருளை மெஷின் அதுல ஒரு அடி நகரல, பெட்ரோல் மெஷினை இரவல் வாங்கி நாலு நாள் இடைவெளி விட்டு ரெண்டு தடவையா இறக்கிக் கொண்டு வந்தேன். இப்ப பின்பக்க மூலையில கட்டில் அளவுக்கு ஒரு இடத்தை மட்டும் அப்படியே விட்டுட்டு மத்ததை வெட்டுறேன்.

அதனால யாராவது கேட்டா நான் சொல்றது, முதல்ல உங்க புல்லை காலடியால அளந்து பாருங்க. 250 சதுர மீட்டர் வரைக்கும், தரை ஓரளவு சமமா இருந்து, வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்க முடியும்னா உருளை மெஷின், யோசிக்கவே வேண்டாம். அதுக்கு மேல 700, 800 வரைக்கும், இல்ல வாரம் தவறிடும்னு உங்களைப் பத்தி உங்களுக்கே தெரியும்னா பேட்டரி. அதையும் தாண்டுனா பெட்ரோல், மனசு வலிக்கத்தான் செய்யும் ஆனா வேற வழி இல்ல. உக்காந்து ஓட்டுறது ஒரு ஏக்கர் வாக்குல இருந்தாத்தான், சின்ன இடத்துக்கு அதை வாங்குறது மாடிப்படி ஏற லிஃப்ட் தேடுற மாதிரி. சரிவான தரைன்னா தள்ளுற மெஷினை குறுக்காத்தான் ஓட்டணும், மேலயும் கீழயும் இழுத்தா கால் சறுக்கி மெஷின் நம்ம மேலயே வரும், உக்காந்து ஓட்டுறதுக்கு இது அப்படியே தலைகீழ். இதயத்துல பிரச்சனை இருக்கிறவங்க, புல்லு மகரந்தம் பட்டா தும்மியே சாகுறவங்க, ஆள் விடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா உயரத்தை மட்டும் நீங்க சொல்லி வெட்டச் சொல்லுங்க, வெட்டுன புல்லை விட்டுட்டுப் போகச் சொல்லுங்க, அவர் போன அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு ஒரு சுத்து நடந்து பாருங்க.

வாங்கும்போது கைப்பிடி உயரம் மாத்துற மாதிரி இருக்கான்னு பார்த்து வாங்குங்க. தொப்புளுக்குக் கொஞ்சம் மேல வரணும், தாழ்வா இருந்தா முதுகு பிடிச்சுக்கும். என்னோடதுல மூணு ஓட்டை இருக்கு, எனக்கு மேல் ஓட்டை. போன மாசம் ஒரு சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்து, டிரெஸ் மாத்திட்டு ஆசையா மெஷினை எடுத்தேன், குனிஞ்சுதான் பிடிக்க முடிஞ்சுது, பார்த்தா கைப்பிடி கீழ் ஓட்டையில மாட்டியிருக்கு. திரும்பிப் பார்த்தா முன்பக்கம் மொத்தமும் வெட்டியாச்சு, பட்டை என்னோடதை விட நேரா. உள்ள வந்து "என்னடி இது"ன்னேன். "ஒரு போன் கால் பேச வேண்டி இருந்துச்சு, எரிச்சல், பேசி முடிச்சுட்டு போய் வெட்டிட்டேன், பின்பக்கம் உங்களுக்கு விட்டு வச்சிருக்கேன்"னா. அதுலேர்ந்து வாரத்துக்கு யாரு முன்பக்கம்னு எங்களுக்குள்ள தகராறுதான், ஏன்னா முன்பக்கம்தான் ரோட்லேர்ந்து தெரியும்.